செய்தித்தாள் படிப்புக்குப் பகையா?

எங்கள் இல்லத்தில் சென்ற ஜூன் திங்கள் முதல் தேதியன்று செய்தித்தாள் நின்றது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த ஆண்டு அது. “இந்த ஒரு வருஷம் மட்டும்தாம்மா. பரீட்சை முடியட்டும், மறுபடியும் போடச் சொல்லலாம்” என்றார்கள் வாப்பா. பேப்பர்காரர் பாக்கியைக் கணக்குத் தீர்த்துக்கொண்டு போனார். அதே வாரத்தில் தொலைக்காட்சியின் கேபிள் இணைப்பும் துண்டிக்கப்பட்டது. எங்கள் தெருவில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது வழக்கமே. நோன்பு காலத்தில் பகலில் அடுப்பு அணைவதைப்போல், தேர்வுக் காலத்தில் வீட்டில் உலகம் அணைந்துவிடும்.

பத்துத் திங்கள் கழிந்தன. தேர்வும் முடிந்தது, கோடை விடுமுறையும் வந்தது. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்ட பின்னர், இத்தனை நாளும் நான் கற்றது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். அப்போது எழுந்த எண்ணங்களைச் சமுதாயப் பெருமக்களின் முன் வைக்க விழைகின்றேன். சிறியவள் பெரியவர்களை நோக்கிப் பேசுவது மிகையெனச் சிலருக்குத் தோன்றலாம். பேசப்படும் பொருளோ எங்கள் படிப்பு. அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் நாங்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகின்றேன்: செய்தித்தாளை நிறுத்தியது பிழை. அன்பினால் செய்த பிழை. எனினும் பிழை பிழையே.

ஒரு விடையும் ஒரு பென்சில் கோடும்

பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில், 1991ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கை பற்றிய பாடம் உண்டு. தாராளமயமாக்கல், தனியார்மயமாக்கல், உலகமயமாக்கல் என்னும் மூன்று சொற்களையும் வரிசை பிறழாமல் ஒப்புவிப்போம். அக்கொள்கைக்கான காரணங்களை ஒன்று, இரண்டு என எண்ணிட்டு, தலைப்புகளின் கீழே அடிக்கோடிட்டு எழுதுவதற்கும் பழக்கப்பட்டிருந்தோம். நானும் எழுதினேன், முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அவ்விடையில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் அதில் ஒரு சொல்லையேனும் நான் அறிந்திருந்தேனா? இல்லை என்பதை இவ்விடுமுறையின் இரண்டாம் வாரத்தில்தான் உணர்ந்தேன்.

வாப்பும்மாவின் மரப்பெட்டியை வெயிலில் காயவைத்துத் துடைக்கும்போது, அடியிலிருந்து பழைய பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று வெளிப்பட்டது. அட்டை கிழிந்து, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. மேற்கு ஆசியாவின் படத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு. குவைத்தில் தொடங்கி, பஸ்ராவைத் தொட்டு, பக்தாதில் மேற்கே திரும்பி, ஜோர்டானின் அம்மானில் முடிந்தது அக்கோடு. அம்மானிலிருந்து பம்பாய் வரை புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு.

“இது யார் கிழிச்ச கோடு வாப்பும்மா?” என்றேன்.

“நான் கிழிக்கச் சொன்னேன், உங்க வாப்பா கிழிச்சாங்க” என்றார்கள்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தபோது, என் பாட்டனார் அங்கே ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதம் நின்றது, தொலைபேசி நின்றது, மாதந்தோறும் வரும் டிராஃப்டும் நின்றது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் வாப்பும்மா, ஒவ்வோர் இரவும் டிரான்சிஸ்டரைத் திருகி இலண்டனிலிருந்து ஒலிக்கும் பி.பி.சி. தமிழோசையைக் கேட்பார்களாம். செய்தியில் ஊர்ப்பெயர் ஒன்று வந்தவுடன், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகனை அழைத்து, “இது எங்கே இருக்கு, பாரு” என்பார்களாம். அட்லஸ் விரியும், விளக்கு அருகே நகரும். படத்தின் மீது தையல் நூலை வைத்து அளந்து, அளவுகோலைக் கொண்டு பெருக்கி, குவைத்திலிருந்து அம்மானுக்குச் சாலை வழி ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் என்று அந்த மாணவர் கண்டுபிடித்தாராம். பேருந்து கிடைத்தால் எத்தனை நாள், கிடைக்காவிட்டால் எத்தனை நாள் என்று வாப்பும்மா கணக்கிட்டார்களாம். அந்தக் கணக்கை நம்பியே அவர்கள் அத்தனை இரவுகளிலும் கண்ணயர்ந்தார்கள்.

அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் 488 பயணங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரைத் தாயகம் சேர்த்தது வரலாறு. அவர்களுள் ஒருவராக என் பாட்டனாரும் ஒற்றைப் பையோடு வந்திறங்கினார்கள். கையில் வைத்திருந்த குவைத் தீனாரை அப்போது வாங்குவாரில்லை.

இக்கதையைக் கேட்டபின் பரணிலிருந்து என் பொருளியல் நூலை இறக்கினேன். அந்நெருக்கடிக்குப் பல ஆண்டுகளாகப் பெருகிவந்த அரசின் பற்றாக்குறையும் வெளிநாட்டுக் கடனும் அடிப்படைக் காரணங்கள் என்பது உண்மையே. ஆயினும் அதைக் கழுத்துவரை கொண்டுவந்தது வளைகுடாப் போர். கச்சா எண்ணெயின் விலை சில திங்களுக்குள் இரட்டிப்பானது. வளைகுடாவில் உழைத்தவர்கள் அனுப்பிய பணம் குறைந்தது. 1991ஆம் ஆண்டின் நடுவில், ஒருசில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி நாட்டின் கையிருப்பில் இருந்தது. ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்தது இந்திய அரசு.

அப்படியானால், வராமற்போன எங்கள் வீட்டு டிராஃப்ட் என் பாடத்தின் ஒரு வரியன்றோ? ஒற்றைப் பையோடு இறங்கிய என் பாட்டனார் அப்பாடத்தின் ஒரு காரணமன்றோ? வாப்பும்மா தம் வளையலை அடகு வைத்த அதே பருவத்தில் நாடும் தன் தங்கத்தை அடகு வைத்திருக்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் கயிற்றைத்தான் கல்வி என்று சொல்ல வேண்டும். என் விடைத்தாளில் அடிக்கோடு இருந்தது. அந்தக் கயிறு இல்லை.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர், செய்தியைக் கேட்டு அட்லஸை விரித்தவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் என் படிப்பின் நன்மைக்காகச் செய்தித்தாளை நிறுத்தினார்கள். என்னே விந்தை!

பாடத்தில் பிணமாகவும் செய்தியில் உயிராகவும்

பள்ளியில் நாங்கள் படிப்பவை எல்லாம் ஒரு காலத்துச் செய்திகளே. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட ஆண்டு எது என்று கேட்டால், 1869 என உறக்கத்திலும் சொல்வோம். அது ஒரு மதிப்பெண் வினா. ஆனால் 2021ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் சரக்குக் கப்பல் அக்கால்வாயின் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்துக்கொண்டபோது, அதனால் நமக்கென்ன என்று கேட்டால் எங்களுள் எத்தனை பேர் விடை சொல்லியிருப்போம்? உலக வாணிபத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அப்போது அவ்வழியே சென்றுகொண்டிருந்தது. அக்கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர். கப்பல் மணலிலிருந்து விடுபட்ட பின்னரும், இழப்பீட்டுப் பேச்சு முடியும்வரை ஜூலைத் திங்கள் வரை எகிப்து அதைப் பிடித்து வைத்திருந்தது. கால்வாயின் பயன் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த ஆசிரியர் நடத்திவிட முடியும்?

வாஸ்கோ ட காமா 1498இல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்ததும் நம் பாடந்தான். அவ்வழி செத்துப்போன வழி என்றே எண்ணியிருந்தோம். 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் பல தம் கலங்களை அதே முனையைச் சுற்றிக்கொண்டு போகும்படி திருப்பின. பயணம் ஏறத்தாழ பத்து நாள் நீண்டது. கூலியும் காப்பீட்டுத் தொகையும் ஏறின. ஐந்து நூற்றாண்டுக்கு முந்திய பாடத்தின் பக்கம் மீண்டும் செய்தித்தாளில் அச்சாயிற்று. பாடநூலை மட்டும் படித்தவளுக்கு அது பழங்கதை. செய்தியை மட்டும் படித்தவருக்கு அது புரியாத பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கே அது அறிவு.

சமையலறையைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைனில் போர் மூண்டது. நம் நாட்டுக்கு அதுவரை வந்துகொண்டிருந்த சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்தே கருங்கடல் வழியாக வந்தது. சில வாரங்களில் எண்ணெய்ப் பாக்கெட்டின் விலை ஏறியது. கடைக்காரரோடு சண்டையிட்டவர் பலர். கருங்கடல் எங்கே இருக்கின்றது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

அதே ஆண்டின் மார்ச்சுத் திங்களில், நம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில், தாள் வாங்குவதற்கு அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. அங்கே நாளிதழ் சிலவும் தாளின்றிச் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. ஒரே தட்டுப்பாடு வினாத்தாளையும் தின்றது, செய்தித்தாளையும் தின்றது. இவ்விரண்டும் ஒரே தாள்தான் என்று அந்நாட்டு மாணவர்க்கு வறுமை கற்பித்தது. நாமோ வசதி இருக்கும்போதே ஒன்றைக் காப்பதற்காக மற்றொன்றை நிறுத்துகின்றோம்.

மறுப்புகளும் விடைகளும்

“நேரம் எங்கே இருக்கிறது?” என்பர். பள்ளி, தனிவகுப்பு, அதற்கு மேல் மாதிரித் தேர்வு என்று நாள் முழுதும் போய்விடுவது மெய்யே. ஆனால் நாள்தோறும் அரைமணி நேரம் கிடைக்காத மாணவர் எவருமிலர். அந்த அரைமணி நேரம் கைப்பேசியில் கரைவதை எல்லாரும் அறிவோம்.

“தேர்வில் கேட்கமாட்டார்களே!” என்பர். மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அதற்காகவே விழித்தேன். ஆனால் ஓர் ஐயத்தை முன்வைக்கின்றேன். பள்ளி முடிந்து பட்டமும் பெற்றபின், அரசுப் பணித் தேர்வுக்கு அதே பிள்ளையை அதே பெற்றோர் பயிற்சி நிலையத்தில் சேர்க்கின்றனர். அங்கே ‘நடப்பு நிகழ்வுகள்’ என்று ஒரு பாடம். அதற்கு ஒரு கட்டணம். மாதந்தோறும் ஒரு கையேடு. பதினாறு வயதில் நாளுக்குச் சில ரூபாயில் வாசலுக்கு வந்ததை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டு வயதில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகின்றோம்! அதுவும் அட்லஸ் இல்லாமல், காரணம் இல்லாமல், மனப்பாடத்துக்கென்றே உலர்த்தி எடுத்த செய்தியாக! வாணிபம் செய்யும் சமுதாயம் என்று பெயர்பெற்ற நமக்கு இந்த நட்டக் கணக்கு தெரியவில்லையா?

“செய்தித்தாளில் கொலையும் கொள்ளையும் திரைப்படமுமே நிறைந்திருக்கின்றன, பிள்ளைகளின் மனம் கெடும்” என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. மீன் வாங்கும்போது முள்ளையும் சேர்த்தே வாங்குகின்றோம். முள் இருக்கின்றது என்பதற்காக எந்த வீட்டிலும் மீனை நிறுத்தவில்லை. முள்ளை எடுத்து ஊட்டுவது பெரியவர்களின் வேலை.

விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் கேட்டார்: “பொம்பளைப் புள்ளைக்கு உக்ரைன் எங்கே இருந்தா என்ன?” பெரியவர் என்பதால் அப்போது வாய் திறக்கவில்லை, இப்போது விடை சொல்கின்றேன். நம் கடற்கரை ஊர்களில் ஆண்கள் கப்பலேறியும் விமானமேறியும் போன காலமெல்லாம் வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் போன கணவர்மாரின் வரவை எதிர்பார்த்து, கடனையும் திருமணத்தையும் நோயையும் தனியே நின்று சமாளித்தவர்கள் அவர்களே. திர்ஹத்துக்கும் ரியாலுக்கும் இன்று என்ன விலை என்பது இப்போதும் அடுப்படியில்தான் முதலில் தெரிகின்றது. உலகச் செய்தியால் முதலில் அடிபடுபவள் பெண் என்றால், அதை முதலில் அறிய வேண்டியவளும் அவளே. 1990இல் அட்லஸை விரிக்கச் சொன்னவர் என் பாட்டனார் அல்லர், என் வாப்பும்மா.

கைப்பேசியில் வருவது செய்தியா?

“பேப்பர் எதற்கு? எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறதே!” என்பது இன்றைய வாதங்களுள் வலிமையானது. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய வேண்டும்.

வருவது உண்மை, வருவது செய்தியா என்பதே கேள்வி. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் நடுங்கி, 50,000 பேருக்கு மேல் மாண்டனர். உலகமே கண்ணீர் வடித்த அந்நாட்களில், வேறு ஆண்டுகளில் வேறு நாடுகளில் எடுத்த படங்கள் அந்நிலநடுக்கத்தின் படங்களாகக் கைக்குக் கை உலவின. அவற்றை அனுப்பியவர்கள் தீயவர்கள் அல்லர், இரக்கம் உள்ளவர்களே. எங்கள் வீட்டுக் குழுவிலும் தொழுகையாளிகளான பெரியவர்கள் அனுப்பினார்கள். எடுத்தவர் யார்? எந்த ஊர்? எந்த நாள்? ஒருவரும் கேட்கவில்லை.

இதைக் கேட்காதவர்கள் யார்? செய்தியைச் சோதிப்பதையே ஒரு கலையாக வளர்த்த சமுதாயத்தின் வழிவந்தவர்கள்! ஒரு நபிமொழி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்துக்கொண்டவர்களா, சொன்னவர் நினைவாற்றல் உள்ளவரா, வாய்மை உள்ளவரா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்த்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கென்றே பெருநூல்கள் எழுதினார்கள். புகாராவில் பிறந்த இமாம் புகாரி அவர்கள் இதற்காகவே மக்கா, பஸ்ரா, பக்தாத், எகிப்து என ஊர் ஊராக அலைந்தார்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளியுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகின்றது. அதை ஓதி முடித்த அதே கையால், விசாரிக்காத செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்புகின்றோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீன நாடு வரை சென்றேனும் கல்வி தேட வேண்டும் என்னும் கருத்துடைய ஒரு வாசகத்தை நம் மேடைகளில் நபிமொழியென முழங்காதவர் குறைவு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். கல்வியை வலியுறுத்தும் சொற்பொழிவிலேயே கல்வியின் முதல் விதி மீறப்படுகின்றது! சீனத்துக்குப் போகச் சொல்கின்றோம். அட்லஸில் சீனத்தைக் காட்டும் பக்கத்தையோ திறப்பதில்லை.

செய்தித்தாளும் பொய் சொல்லாதா? சொல்லும், ஒரு பக்கம் சாய்ந்தும் எழுதும். ஆனால் அதில் நாள் இருக்கின்றது, ஊர் இருக்கின்றது, அச்சிட்டவர் பெயர் இருக்கின்றது. தவறென்றால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கின்றது. இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் எது எங்கே சாய்கின்றது என்பது புலனாகும். முகமும் முகவரியும் இல்லாத படத்தை எந்த வாசலில் போய்க் கேட்பது?

அறியாமைக்குக் கொடுக்கும் விலை

இவையெல்லாம் படித்தவர்களின் வாதம் என்று எண்ணிவிட வேண்டாம். அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கே இருபதாயிரத்தை ஒட்டிய இந்திய மாணவர்கள் இருந்தனர். பெரும்பாலோர் மருத்துவம் படிக்கச் சென்றவர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பலர். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 2014ஆம் ஆண்டிலிருந்தே சண்டை நடந்துகொண்டிருந்தது. அது செய்தித்தாளில் வந்துகொண்டுந்தான் இருந்தது. நிலத்தை விற்றும் நகையை விற்றும் மகனை அனுப்பிய பெற்றோருள், தாம் அனுப்பும் நகரம் அச்சண்டைக்கு எத்தனை தொலைவில் உள்ளது என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் வாப்பும்மாவின் தையல் நூல் அவர்கள் வீட்டிலும் இருந்திருக்குமே!

2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று நம்பிச் சென்ற இளைஞர்கள், எல்லையைக் கடத்தி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீண்டு வந்தனர். எச்சரிக்கை செய்தித்தாளில் அச்சாயிற்று. அதைப் படித்த வீட்டின் பிள்ளை விசாரித்திருப்பான். படிக்காத வீட்டின் பிள்ளை விமானம் ஏறியிருப்பான். வெளிநாடு போவதே வாழ்வாகிவிட்ட நம் ஊர்களில், இதைவிடப் பெரிய தேர்வு வேறு உண்டா? அதில் தோற்றால் மறுதேர்வு எழுத ஜூலைத் திங்கள் வரப்போவதில்லை.

செய்ய வேண்டுவன

குறை கூறுவது எளிது. வழி என்ன என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வீட்டில் ஓர் உலகப்படம் மாட்டுங்கள். பிள்ளைகள் அதிகம் அமரும் கூடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். மஃரிபுக்குப் பின்னோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னோ அரைமணி நேரம், வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எங்கே நடந்தது? எப்போதிலிருந்து நடக்கின்றது? சொல்பவர் யார்? நம் பாடநூலில் இதற்கு உறவான பக்கம் எது? முதல் வாரத்தில் பிள்ளைகள் திணறுவர். இரண்டாம் வாரத்தில் பெரியவர்கள் திணறுவர். அதுவே நன்மையின் தொடக்கம்.

நூலகத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். விடுதலைக்குப் பின் இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதன்முதல் இயற்றியது நம் மாநிலம், ஆண்டு 1948. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகின்றோம். பணம் கொடுத்த பண்டத்தைக் கடையிலேயே விட்டுவரும் வணிகர் நம்மில் உண்டா? கிளை நூலகத்தின் செய்தித்தாள் மேசையைச் சுற்றி முதியவர் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். பெண்பிள்ளைகளை அங்கே காண்பதரிது. இக்கோடையில் ஒருநாள், ஜவுளிக்கடைக்கு அழைத்துச் செல்வதைப்போல், மகளை நூலகத்துக்கும் அழைத்துச் சென்றால் என்ன?

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சூயஸ் என்று சொல்லும்போது, அங்கே சிக்கிய கப்பலைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லுங்கள். 1991 என்று கரும்பலகையில் எழுதும்போது, “உங்கள் வீட்டில் அப்போது வெளிநாட்டில் இருந்தவர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் கேட்டிருந்தால் பாதிக்கைகள் உயர்ந்திருக்கும். அப்பாடத்தை எவரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை.

விடுமுறை முடிய இன்னும் சில வாரங்களே உள்ளன. பழைய அட்லஸுக்குப் புது அட்டை போட்டுவிட்டேன். கூடத்தில் இப்போது செய்தித்தாள் வருகின்றது. காலையில் அதை முதலில் எடுப்பவர்கள் வாப்பும்மா. கண்ணாடியை மூக்கில் இறக்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இந்த ஊரு எங்கே, எடு பாப்போம்” என்கிறார்கள். சில நாட்களில் வாப்பாவும் தம்மையறியாமல் படத்தின் மீது குனிகின்றார்கள். பென்சில் கோட்டின் மீது அவர்கள் விரல் ஓடுவதைக் கண்டேன்.

வரும் ஜூன் திங்களில் என் தம்பி பத்தாம் வகுப்புக்குப் போகின்றான், அவனுக்கும் பொதுத்தேர்வு. செய்தித்தாள் நிற்குமா, தொடருமா என்று கேட்டேன். “பார்க்கலாம்” என்றார்கள் வாப்பா. நான் நேரில் சொல்லத் துணியாததை இங்கே எழுதியிருக்கின்றேன். இந்த இதழை அவர்கள் படிப்பது வழக்கம். பேப்பர்காரரிடம் ஒன்றாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும்.